இல்லாத நாளில் பதிவானவர்கள்

ஆப்பியா,
4 ஆகஸ்ட் 2014

அன்புள்ள அண்ணிக்கு,

ஆறு மாதமாகத் தொலைபேசியில் என் பெயர் தெரிந்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். கையெழுத்தைத் திட்டாதீர்கள். இருபது வருடமாகக் கணினியில் தட்டித் தட்டிக் கெட்டுப்போன கை இது.

அண்ணனைப் பற்றி எழுத உட்காரவில்லை. ஆரம்பித்தால் முடிக்க மாட்டேன். கம்பெனி காரியமாக ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதைச் சொல்லப் போனால் அண்ணனிடம்தான் போய் நிற்கிறது.

போன வருடம் ஜூனில் மதாங்கி கேஸ் கம்பெனி நீங்கள் மேலாளராக இருந்த சலெலோலோங்கா கிளையை மூடியபோது, பழைய கணினியில் இருந்த அத்தனையையும் ஆப்பியாவில் புதிய டேட்டாபேஸில் ஏற்றினோம். ஏற்றியவள் நான். வாடிக்கையாளர், சிலிண்டர், விநியோகம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வரிகள். ஒவ்வொன்றாகக் கையால் அடித்தால் வருடம் ஓடிவிடும். மொத்தமாகக் கொட்டியதில் பதினோரு நிமிடத்தில் முடிந்தது. கோப்பையில் கோக்கோ ஆறக்கூட இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

அப்படிக் கொட்டும்போது விதிக்கு ஒத்துவராத வரியை டேட்டாபேஸ் உள்ளே விடாது. தனிக் கோப்பில் ஒதுக்கிவிடும். நாற்பத்து மூன்று வரிகள் ஒதுங்கின. லட்சத்துக்கு மேல் உள்ளே போயிருக்கும்போது நாற்பத்து மூன்று என்ன பெரிய விஷயம் என்று நான் திறந்து பார்க்கவில்லை.

இந்த மே மாதம் பார்த்தேன். அவை புயல் பட்டியலின் வரிகள். மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பிப் படுத்திருப்பவர்களின் வீடுகளுக்குப் புயல் எச்சரிக்கை வந்ததும் முன்கூட்டியே சிலிண்டர் அனுப்புகிறோமே, அந்தப் பட்டியல். நாற்பத்து மூன்றும் சவாயி தீவு. அண்ணனுடைய வரியும் அதில் இருந்தது; அவர் எண் மட்டும் எனக்கு மனப்பாடம். ஜனவரிப் புயலில் லாரி உங்கள் வாசலுக்கு வராததற்குக் காரணம் அதுதான்.

அந்த எண்களை இத்துடன் வைத்திருக்கிறேன். எண்கள் மட்டும்தான் என்னிடம் இருக்கின்றன. புதிய டேட்டாபேஸில் எல்லாருக்கும் வேறு எண். பழைய கணினியை அழித்து விற்றுவிட்டார்கள். எந்த எண் எந்த ஆள், எந்த ஊர் என்று சொல்லக்கூடியது நீல அட்டைப் பதிவேடு ஒன்றுதான். கிளையை மூடிய அன்று அதை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனீர்கள்.

நவம்பரில் புயல் பருவம் தொடங்கிவிடும். இவர்களில் எத்தனை பேர் உயிரோடு, லாரி வரும் என்ற நம்பிக்கையோடு இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பதிவேட்டைக் கொடுங்கள். நான் கப்பலில் வந்து வாங்கிக்கொள்கிறேன். வாசலில் நின்றே வாங்கிக்கொண்டு போகிறேன்.

மரேதா


சாஃபோடு,
16 ஆகஸ்ட் 2014

மரேதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பென்சிலில் எழுதியிருந்தாய். அழித்து மாற்றக்கூடிய எதையும் நான் கடிதமாகக் கருதுவதில்லை. பேனாவில் எழுது.

நீ கேட்க நினைத்தும் கேட்காத ஒன்றை நானே சொல்கிறேன். அன்று காலை என்ன நடந்தது என்பதை நீ வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

ஜனவரி பதினெட்டு, சனிக்கிழமை. விடிந்ததிலிருந்தே காற்று. வானொலியில் எச்சரிக்கை சொன்னதும் வாசல் பாயைச் சுருட்டிவிட்டு, லாரிக்காரன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வர வழி ஏற்படுத்தினேன். உன் அண்ணன் கட்டிலில் சாய்ந்துகொண்டு என்னைக் கேலி செய்தார். "வழியை எதுக்கு இப்படிக் கூட்டுறே? பிஷப்பா வர்றாரு?" என்றார். நேரமாகிறதே என்றேன். "வருவான், வருவான். அந்த லிஸ்ட்டைப் போட்டது நீதானே? நீ எழுதின பேரை ஆண்டவனே நினைச்சாலும் அடிக்க முடியாது" என்றார்.

ஒன்பது மணிக்கு மின்சாரம் போயிற்று. இயந்திரம் நின்றது. நதி பாலத்தை மூடியிருக்கும், அதனால்தான் லாரி வரவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவரும் ஆமென்று தலையாட்டினார். பதினோரு மணிக்கு மேல் அவர் தலையாட்டவில்லை.

பாலத்தை நதி மூடவில்லை. லாரி பக்கத்துக் கிராமத்தில் இரண்டு வீடுகளுக்குச் சிலிண்டர் இறக்கிவிட்டு எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போயிருக்கிறது. அடக்கத்தன்று ஓட்டுநர் ஃபிலிபோ அழுதுகொண்டே சொன்னான்: "உங்க வீடு லிஸ்ட்லயே இல்லம்மா. நான் ரெண்டு தடவை பார்த்தேன்மா." அதைக் கேட்ட பிறகுதான் நீ அடக்கத்துக்குக் கொண்டுவந்த நுண்ணிழைப் பாயைத் திருப்பி அனுப்பினேன். செத்தவரின் உடன்பிறந்தாள் தரும் பாயைத் திருப்பி அனுப்புவது ஊரறிய உறவை அறுப்பது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

இப்போது நீ "விதி" என்கிறாய். விதி ஆகாயத்திலிருந்து விழாது. யாரோ ஒருவர் எழுதியிருக்க வேண்டும். எங்கள் மடத்துப் பள்ளியில் தப்புக்குக் கட்டாயம் ஒரு பெயர் உண்டு. பெயர் சொல்லும்வரை வகுப்பே நிற்கும். அந்த விதியை எழுதியவர் யார்? பெயரைச் சொல். மேலாளருக்கும் அமைச்சகத்துக்கும் நானே எழுதுகிறேன். அதன் பிறகு பதிவேட்டைப் பற்றிப் பேசலாம்.

அகெனேசே


ஆப்பியா,
29 ஆகஸ்ட் 2014

அன்புள்ள அண்ணிக்கு,

பேனாவில்தான் எழுதுகிறேன்.

விதியை டேட்டாபேஸில் போட்டது இந்தக் கை. ஒதுங்கிய வரிகளைத் திறக்காமல் விட்டதும் இதே கை. மேலாளருக்கு எழுத வேண்டுமென்றால் என் பெயரை எழுதுங்கள். முழுப் பெயர் உங்களுக்குத் தெரியும். என் ஞானஸ்நானச் சான்றிதழை அண்ணன் சார்பில் வாங்கி வந்தவரே நீங்கள்தான்.

அந்தச் சனிக்கிழமை நானும் அலுவலகத்தில்தான் இருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. எச்சரிக்கை வந்ததும் பட்டியல் அச்சானது. அச்சு இயந்திரம் என் மேசையிலிருந்து கை எட்டும் தூரம். தாள்கள் வந்து விழும்போது "அண்ணன் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கும்?" என்று ஒரு நினைப்பு வந்தது. எடுத்துப் பார்த்தால் ஆயிற்று. பக்கத்தில் இருந்தவள், "என்னடி, உங்க அண்ணனுக்குப் பெரிய சிலிண்டரா அனுப்பச் சொல்லவா?" என்று சிரித்தாள். "எங்க அண்ணி இருக்கிற வீட்டுக்குப் பெருசு அனுப்பினா, ரசீது சரியில்லைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க" என்று நானும் சிரித்தேன். அதற்குள் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வேறு பெயர் கேட்காதீர்கள் அண்ணி. என் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

பதிவேட்டை மட்டும் கொடுங்கள். செப்டம்பர் வரப்போகிறது.

மரேதா


சாஃபோடு,
12 செப்டம்பர் 2014

மரேதா,

நீ யாரையோ மறைக்கிறாய் என்று உன் கடிதத்தின் கடைசி வரிகளிலிருந்து தெரிந்தது. அந்த ஆளைக் கண்டுபிடிக்கத்தான் பதிவேட்டைத் திறந்தேன். நோயாளிகளுக்காகத் திறக்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

உன் நாற்பத்து மூன்று எண்களையும் விரல் வைத்துத் தேடினேன். அடுத்தடுத்த ஐந்து பக்கங்களில் எல்லாம் இருந்தன. மேலே தேதியைப் பார்த்தேன். அதற்குப் பிறகு தேட எதுவும் இல்லை.

2011 கடைசியில் அரசாங்கம் நம் நாட்டைத் தேதிக் கோட்டின் இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. வியாழக்கிழமை இரவு செபம் சொல்லிப் படுத்தோம், எழுந்தபோது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை, டிசம்பர் முப்பது, சமோவாவில் விடியவே இல்லை. கிளைக் கணினிக்கு அதை யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை என் எழுத்தர் வெனி உட்கார்ந்து புயல் பட்டியலைப் புதிதாக ஏற்றினாள். கணினி அத்தனை பேருக்கும் முப்பது என்று தேதி போட்டது. செவ்வாய்க்கிழமைதான் நான் கவனித்தேன்.

"என்ன தேதி இது வெனி?"

"கம்ப்யூட்டர் போட்டதும்மா."

"கம்ப்யூட்டருக்கு எந்த நாட்டுல இருக்கோம்னு தெரியாது. உனக்குமா தெரியாது? இல்லாத நாள்ல எப்படி ஆளைப் பதிவே?"

"ஒரே ஒரு நாள்தானேம்மா. யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்த்தேனே! எல்லாத்தையும் முப்பத்தொண்ணுன்னு திரும்ப அடி. அடிச்ச பேருக்கெல்லாம் பதிவேட்டுல சிவப்புக் குறி போடு."

மாலையில் முடித்துவிட்டேன் என்றாள். பதிவேட்டைக் கையில் வாங்கினேன். முதல் பக்கத்தைப் பார்த்தேன், கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அந்த இரண்டு பக்கங்களிலும் எல்லாப் பெயருக்கும் சிவப்புக் குறி இருந்தது. நடுவில் மூன்று பக்கங்கள். அவற்றை நான் புரட்டவில்லை. வெளியே உன் அண்ணன் வண்டியில் உட்கார்ந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு இயந்திரம் தூங்கும்போது மட்டும்தான். புத்தாண்டுக்கு உங்கள் பெரியப்பா வீட்டில் விருந்து. "அகெனேசே! வர்றியா இல்லையா? பன்னிக்கறி ஆறிப்போனா உன் வெனியா வந்து சூடு பண்ணித் தருவா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். பதிவேட்டை மூடிவிட்டுப் போனேன்.

போன வருடம் ஜூனில், வரிகளை ஏற்றுவதற்கு முன் எவற்றைக் களைய வேண்டும் என்று நீ எல்லாக் கிளைகளுக்கும் எழுதிக் கேட்டாய். மற்றக் கிளைகள் பதில்கூடப் போட்டிருக்காது. நான் ஏழு விதிகள் எழுதி அனுப்பினேன். ஏழாவது: "2011 டிசம்பர் 30 என்று ஒரு நாள் இந்நாட்டில் இல்லை. அத்தேதியிட்ட பதிவு எதுவும் ஏற்கத்தக்கதன்று." எல்லாம் திரும்ப அடித்தாயிற்று, பழையவை வெறும் குப்பை என்ற நினைப்பில் எழுதினேன். எழுதிவிட்டு ஒரு முறை உரக்கப் படித்துப் பார்த்துக்கொண்டேன். நன்றாக இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. உன் அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். "இந்த நாட்டுல அரசாங்கத்துக்கே இவ்வளவு உறுதி கிடையாது" என்றார்.

அதன் நகல் பதிவேட்டின் பின்னட்டையில் ஒட்டியிருக்கிறது. கீழே என் கையெழுத்து.

இருபத்து நான்கு பெயர்களுக்குச் சிவப்புக் குறி இருக்கிறது. வெனி முப்பத்தொன்று என்று திரும்ப அடித்த அவை உள்ளே போயிருக்கும். பத்தொன்பது பெயர்களுக்கு இல்லை. உன் அண்ணன் அலோய்சியோ மூன்றாம் பக்கத்தில், மேலிருந்து நான்காவது.

நீ மே மாதமே இந்தத் தாளைப் பார்த்திருப்பாய். ஏன் சொல்லவில்லை?

அகெனேசே


ஆப்பியா,
23 செப்டம்பர் 2014

அன்புள்ள அண்ணிக்கு,

பார்த்தேன். மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. விதி எங்கிருந்து வந்தது என்று பழைய கோப்புகளைப் புரட்டியபோது உங்கள் தாள் வந்தது. அந்த அழகான எழுத்து. படித்துவிட்டு அதை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இன்றுவரை அது அலுவலகத்துக்குத் திரும்பவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். முதலில் உண்மையைச் சொல்கிறேன்: சொல்லத்தான் நினைத்தேன். நீங்கள் பாயைத் திருப்பி அனுப்பிய அன்று, அதை மடியில் வைத்துக்கொண்டு கப்பலில் உட்கார்ந்து வந்தேன். நம் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அந்தக் கப்பலில். ஒருத்தரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஒரு கிழவி மட்டும், "சுருட்டி பைக்குள்ள வையேன்டி, பார்க்க முடியல" என்றாள். உங்கள் தாளைக் கண்டதும் எனக்கு முதலில் அந்தக் கப்பல்தான் ஞாபகம் வந்தது. ஒரே ஒரு மணி நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதற்காகத்தான் இப்போது அதிகம் வெட்கப்படுகிறேன்.

பிறகு யோசித்தேன். அந்த வீட்டில் தனியாக இருக்கிறீர்கள். என்னைத் திட்டுவது ஒன்றுதான் உங்களுக்கு மிச்சம். அதையும் பறித்துக்கொண்டால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்? அண்ணன் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றும் நினைத்தேன். "விடுடி, அவ நின்னு ஜெயிச்சுட்டுப் போகட்டும்" என்பார். உங்கள் சண்டைகளில் எல்லாம் அதைத்தானே செய்தார்.

ஆனால் ஒன்று. விதி உங்களுடையதாக இருக்கலாம். ஒதுங்கிய வரிகளைத் திறந்து பார்க்க வேண்டியது என் வேலை. ஏற்றுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியதே அதுதான். எவ்வளவு உள்ளே போயிற்று என்று எண்ணத் தெரிந்த எனக்கு, எது வெளியே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. நடுப் பக்கங்களை நீங்கள் புரட்டவில்லை. நான் பக்கமே புரட்டவில்லை.

பத்தொன்பது பேரின் பெயர்களை எழுதி அனுப்புங்கள் அண்ணி. பதிவேடுகூட வேண்டாம்.

மரேதா


சாஃபோடு,
20 அக்டோபர் 2014

மரேதாவுக்கு,

பதில் தாமதித்ததற்குக் காரணம் உண்டு. பதிவேட்டில் இருக்கும் பெயர்கள் மூன்று வருடம் பழையவை. நான் பார்க்காத எதையும் இனி உனக்கு எழுதி அனுப்புவதாக இல்லை. எனவே பேருந்தில் போய்ப் பார்த்தேன். பத்தொன்பதில் என் வீடு போகப் பதினெட்டு வீடுகள். எனக்கு எழுபத்தொரு வயது என்பதை யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டாம். புவாபுவாவுக்குப் போகும்போது இடமில்லாமல் ஒரு பள்ளிக்கூடப் பெண் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, வழி முழுக்க வறுத்த வாழைக்காய் தின்றுகொண்டு வந்தாள். பாவாடையெல்லாம் எண்ணெய்.

மூன்று பேர் இறந்துவிட்டார்கள். புயலில் இல்லை, விசாரித்தேன். இரண்டு பேர் பிள்ளைகளோடு ஆக்லாந்துக்குப் போய்விட்டார்கள். பதின்மூன்று பேர் இருக்கிறார்கள். பெயர், ஊர், வீட்டின் அடையாளம், இயந்திரத்தின் அளவு எல்லாம் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். நடுப் பக்கங்கள் உட்பட மூன்று முறை சரிபார்த்தாயிற்று.

ஜனவரிப் புயலில் இவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்காமல் வர முடியவில்லை. சாலேயாஉலாவில் ஒரு வீட்டில் கிழவருக்கு மகன்கள் முறை போட்டு மீன்பிடிப் படகின் பேட்டரியைக் கொண்டுவந்து இயந்திரத்தை ஓட்டியிருக்கிறார்கள். மனாசேயில் மின்சாரம் அன்று போகவே இல்லை. ஃபாகாவில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி டாரோக் கிழங்கும் டின் மாட்டிறைச்சியும் வைத்தாள்.

"மதாங்கி ஆளா நீங்க? நல்ல வேளை வந்தீங்க. ஜனவரியில உங்க லாரியே வரலையே?"

"வரல."

"நாங்க என்ன நினைச்சோம்னா, ரோட்டுல மரம் விழுந்திருக்கும்னு. பாவம், அந்த டிரைவரு என்ன செய்வான். ஃபாதர்கிட்ட சொல்லி அவனுக்காகச் செபம்கூடப் பண்ணோம்."

"ரோட்டுல மரம் விழல. உங்க பேரைப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க."

"யாரு?"

"நான்."

அவள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "சாப்பிடுங்க முதல்ல" என்றாள். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "அடுத்த தடவை எங்க பேரு இருக்கும்ல?" என்று கேட்டாள். பெயரை எடுத்தது நான்தான் என்று பதின்மூன்று வீடுகளிலும் சொன்னேன். மூன்று வீடுகளில் உட்காரச் சொல்லவில்லை. அது சரிதான்.

பாயைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். எனக்குச் சொற்கள் போதவில்லை.

அகெனேசே


ஆப்பியா,
31 அக்டோபர் 2014

அன்புள்ள அண்ணிக்கு,

பதின்மூன்று வரிகளும் ஏறிவிட்டன. மொத்தமாகக் கொட்டவில்லை. ஒவ்வொன்றாகக் கையால் அடித்தேன். அடித்த பிறகு ஒவ்வொன்றையும் திரும்ப வாசித்தேன். ஏழாம் விதியை நீக்கிவிட்டேன். ஒதுங்கும் வரி ஒன்றாக இருந்தாலும் என் மேசையில் அச்சாகும்படி செய்திருக்கிறேன். நேற்று ஒத்திகைக்காகப் பட்டியலை அச்சடித்தோம். ஃபாகா வீடு இருந்தது. நீங்கள் சொன்ன மாமரத்து அடையாளத்தோடு.

மேலாளரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். என் பங்கைச் சொன்னேன். உங்கள் தாளையும் கொடுத்தேன், இப்போது அதை நீங்களே எல்லாரிடமும் சொல்லிவிட்டதால். அவர் அதை இரண்டு முறை படித்தார். "இவ்வளவு அக்கறையா ஒரு கிளையும் பதில் போடலையே" என்றார்.

ஒன்று மட்டும் மிச்சம். இறந்த மற்ற மூவரும், ஆக்லாந்துக்குப் போன இருவரும் பட்டியலுக்கு வேண்டியதில்லை. விட்டுவிட்டேன். அண்ணனின் வரியையும் அப்படியே விட வேண்டும். புயல் பட்டியல் உயிரோடு இருப்பவர்களுக்கானது. விட என் கை வரவில்லை. என்ன செய்யட்டும்?

மரேதா


சாஃபோடு,
10 நவம்பர் 2014

மரேதாவுக்கு,

ஏற்று.

உங்கள் டேட்டாபேஸ் எப்படி வேலை செய்கிறது என்று கிளைக்கு வந்து ஒரு நாள் பாடம் நடத்தினாயே, நினைவிருக்கிறதா? ஆளின் வரி முதலில் உள்ளே இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அந்த ஆளுக்கு நடந்தது எதையும் எழுத முடியும் என்றாய். உன் அண்ணன் இப்போது உள்ளே இல்லை. இல்லாதவருக்கு இறந்த தேதி போட முடியாது. எவனாவது பத்து வருடம் கழித்து அந்தப் பட்டியலைப் பார்த்தால், சாஃபோடுவில் அப்படி ஒருவர் சிலிண்டருக்குக் காத்திருந்ததே தெரியாது.

எனவே முதலில் அவரை ஏற்று. தேதி 31 டிசம்பர் 2011. பிறகு, இறந்த தேதி 18 ஜனவரி 2014 என்று போடு. குறிப்புக்கு இடம் இருந்தால், "கிளை மேலாளர் அகெனேசேயின் ஏழாம் விதியால் விடுபட்டவர்" என்று எழுது. மற்ற மூவரையும் அதே மாதிரி செய். அவர்களுக்கும் வீடு இருந்தது.

அகெனேசே


ஆப்பியா,
21 நவம்பர் 2014

அன்புள்ள அண்ணிக்கு,

ஏற்றிவிட்டேன். நான்கு பேரையும்.

மரேதா


சாஃபோடு,
15 டிசம்பர் 2014

மரேதா,

வெள்ளிக்கிழமை காலை எச்சரிக்கை வந்தது உனக்குத் தெரியும். பத்து மணிக்கு வாசலில் லாரி நின்றது. நான் உள்ளே சன்னல் கதவுகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கோ பக்கத்து வீட்டுக்கு என்று நினைத்தேன்.

வெளியே வந்தால் ஃபிலிபோ இல்லை, புது ஓட்டுநர். பெரிய சிலிண்டரைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். மூச்சு வாங்க, முற்றத்துக் கல்லறையின் மேல் அதைச் சாய்த்து வைத்துவிட்டுக் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அலோய்சியோ வீடு இதானேம்மா?"

"இதுதான்."

"லிஸ்ட்ல பேரு புதுசா இருக்கு, அதான் கேட்டேன். நோயாளி எங்கம்மா படுத்திருக்காரு? கிட்டவே வச்சுக் கொடுத்துட்டுப் போறேன்."

"நீ சிலிண்டரை வச்சிருக்கிற இடத்துலதான்."

அவன் கீழே பார்த்தான். பெயரைப் படித்தான். சிலிண்டரைச் சட்டென்று தூக்கப் போனான். பாதியில் மறுபடி சாய்த்துவிட்டான். "மன்னிச்சிருங்கம்மா, மன்னிச்சிருங்க" என்று சிலுவை போட்டுக்கொண்டான். அவனுக்கு நான் கோக்கோ போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இறந்த தேதியை நீ போடவில்லை. அவரை ஏற்றிவிட்டு, அதோடு கையை எடுத்துவிட்டாய். மூன்று வாரம் உன் டேட்டாபேஸில் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். கிளை மேலாளராக இருந்திருந்தால் உன்னை நிற்க வைத்துக் கேட்டிருப்பேன்.

ஓட்டுநரிடம் முதலில் ஃபாகாவைக் கேட்டேன். "கொடுத்தாச்சும்மா, மாமரத்து வீடுதானே?" என்றான். சாலேயாஉலா, மனாசே, புவாபுவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பதின்மூன்றும் கொடுத்தாயிற்று என்று அவன் கையிலிருந்த தாளையே நீட்டினான். வாங்கி எல்லாப் பக்கத்தையும் பார்த்தேன்; இறந்த மற்ற மூவரின் பெயர் அதில் இல்லை.

"அப்போ இதைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடட்டுமாம்மா?" என்றான்.

"வேற யாருக்காவது தேவையா?"

"இல்லம்மா. இதுதான் கடைசி."

"அப்போ காத்து அடங்குற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்" என்றேன். ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சரியாகத்தான் இருந்தது ரசீது.

புயல் வடக்கே விலகிப் போய்விட்டது. மழை மட்டும்தான். மூன்று நாளாகச் சிலிண்டர் அவர் பக்கத்திலேயே சாய்ந்திருக்கிறது, முத்திரை உடையாமல். ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை அதை எடுத்துப் போக லாரி வருகிறது. நீ அந்தத் தேதியைப் போட்டுவிட்டு அதே லாரியில் வா. போட முடியவில்லை என்றால் போடாமலே வா. இங்கே உட்கார்ந்து யோசிக்கலாம்.

அண்ணி